நான் ஓட்டை போட்ட தகரங்கள்

கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிராணி. லாலான் புல்லைக் கொல்லும் மருந்து வந்த பிறகு, களையெடுக்கும் பெண்களின் கைகள் கிழிபடுவது குறைந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மருந்து தீர்ந்த தகரங்களை, லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்ட எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அதன் மேல் ஆங்கிலத்தில் ‘விஷம்’ என்று எழுதியிருந்தது. லயத்தில் அதைப் படிக்க யாருமில்லை.

“நல்லா கழுவியாச்சு. படிச்சவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்,” என்றார் அவர்.

அவர் சொல்லை மீறி எனக்குப் பழக்கமில்லை. தண்ணீரும் நிரப்பினேன். குழந்தை அதில் விரலை நனைத்து வாய்க்குக் கொண்டுபோனான். சட்டென்று அவன் கையைப் பிடித்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஆணியை வைத்துத் தகரத்தின் அடியில் ஓட்டை போட்டேன். பிறகு சுத்தியலோடு லயத்துக்குப் போனேன்.

“ஐயோ கிராணியம்மா, பொன்னாட்டம் தகரம்! பைத்தியமா புடிச்சிருக்கு?” என்று, தன் தகரத்தில் ஓட்டை விழுந்ததும் கத்தினாள் லயத்து முனியம்மா.

“ஆமாக்கா, பைத்தியந்தான். அந்தத் தகரத்தையும் குடுங்க.”

கழுவியதிலேயே விஷம் போயிருக்குமோ என்று இன்னும் யோசிக்கிறேன். லயத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால்தான் நான் இன்றும் அவர்களுக்குப் பைத்தியம். இருந்துவிட்டுப் போகிறேன். அடுத்த தகரங்கள் வரட்டும், சுத்தியல் அடுப்படியில்தான் இருக்கிறது.