வாயை மூடிய பிறகு வந்த பேச்சு

வெட்டுக்கிளி என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவளுடைய அண்ணன் வாயால். என் கடைசி நாத்தனாரின் பெண் அவள். ஸ்டுடியோ ஒன்றில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை.

"அத்தை, நீங்க பேசினதெல்லாம் வீடியோவுல காணோம். வெட்டுக்கிளி மேஞ்சுட்டா" என்றான் அவன்.

"அத்தை பேசினத முழுசா வச்சா மாப்பிள்ளைக்கு இடம் இருக்காதுடா" என்று திருப்பிக் கொடுத்தாள். அடங்குகிற வாயில்லை இது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நாத்தனார் துணி ஆலையில் தைக்கிறவள். புது மெஷின்கள் வந்து இறங்கியபோது, மேலாளர் பெண்களையெல்லாம் கிடங்கில் நிற்க வைத்து நீளமாகப் பேசினார். பேச்சின் கடைசியில், "மெஷின் வந்தாலும் ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். நாத்தனார் அதைப் போனில் எடுத்து வைத்திருந்தாள். அடுத்த மாதமே வயசானவர்களை நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்; முதல் ஆள் நாத்தனார்தான். கேட்டால், "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்றார்.

போனில் இரைச்சலே அதிகமாகக் கேட்டதால், நாத்தனார் அதை மகளிடம் கொடுத்தாள். அவள் இரைச்சலைக் குறைத்து, பேச்சைக் கீழே பெரிய எழுத்தில் போட்டு, ஆலைப் பெண்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். அங்கேதான் வந்தது வினை. ஆரம்பத்தில் ஒழுங்காக இருந்த வீடியோவில் போகப்போகப் படமும் குரலும் விலகிவிட்டன. மேலாளர் வாயை மூடிவிடுகிறார், பேச்சு பின்னால் வருகிறது. வாக்கு இருந்ததோ கடைசியில்.

சாப்பாட்டு அறையில் நின்று அவர் சிரித்தாராம். "வாயை மூடினதுக்கு அப்புறம் நான் பேசறேன் பாருங்க! யார் குரலையோ ஒட்டியிருக்காங்க." கூட வேலை செய்கிறவர்களே நாத்தனாரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"உன்னால என் மானம் போச்சுடி" என்று வீட்டுக்கு வந்து கத்தினாள்.

"போச்சுதான்மா. அவசரத்துல போன்ல இருந்ததை அப்படியே போட்டுட்டேன்" என்றாள் மகள். "எங்க கேமரா நொடிக்கு முப்பது படம்னா கடைசி வரைக்கும் முப்பதுதான். போனு அப்படி இல்ல. இருட்டுல இருபது எடுக்கும், வெளிச்சம் வந்தா முப்பது எடுக்கும், அது இஷ்டம். எங்க சாஃப்ட்வேர் எல்லாமே முப்பதுன்னு நம்பி அடுக்கிடுச்சு. படம் முன்னாடி ஓடிப்போச்சு, பேச்சு பாவம், நடந்து வருது."

"அப்ப தப்பு போன் மேலயா?" என்று நான் கேட்டேன்.

"என் மேல, அத்தை. முதல்ல எல்லா நொடியையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்துட்டுத்தான் வெட்டணும். தெரிஞ்சே விட்டுட்டேன்."

ஸ்டுடியோ முதலாளிக்கு அந்த ஆலைதான் பெரிய வாடிக்கை. ஸ்டுடியோவில் வெட்டினதை அங்கேயே திருத்தி, தப்பு தன்னுடையது என்று ஆலையில் போய்ச் சொல்லப்போவதாக அவள் சொன்னதும் அவர் குறுக்கே வந்தார். "தப்பு பண்ணிட்டோம்னு வெளியில சொல்லி என் பொழைப்புல மண்ணைப் போடாதே. பேசாம இரு" என்றார்.

"எங்கம்மா பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கா. நான் பேசாம இருக்கணுமா?"

"அப்ப நாளையிலருந்து வராதே."

"சரி. இதை முடிச்சுட்டு வராம இருக்கேன்."

சொன்னவள் எழுந்திருக்கவில்லை. அவர் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து, எல்லா நொடியையும் முப்பதுக்குக் கொண்டுவந்து, திரும்ப வெட்டி எடுத்துக்கொண்டுதான் படி இறங்கினாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அம்மாவோடு ஆலைக்குள் போய்விட்டாள். "முதல்ல அனுப்பினது நான் கெடுத்தது. எங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லி, சுவரில் இருந்த டிவியில் புதியதை ஓட்டினாள். போனில் எடுத்ததையும் பக்கத்திலேயே பிடித்து ஓட்டினாள். இரண்டும் சேர்ந்தே போயின. வாக்கு வந்த இடத்தில் உதடும் குரலும் பிசகவில்லை.

"இதையும் நீதானே செஞ்சே?" என்றார் மேலாளர்.

"நம்பலைன்னா இன்னொரு தடவை சொல்லுங்க சார். ஆனா ஜன்னல் பக்கமா வாங்க, போனுக்கு இருட்டு ஆகாது."

அறையே சிரித்தது. சங்கு ஊதியும் ஒருத்தியும் மெஷினுக்குப் போகவில்லை. நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பெண்கள் மடியிலிருந்தெல்லாம் போன்கள் மேலே வந்தன. மேலாளர் ஜன்னலோரம் வந்து நின்று, முன்பு சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

நாத்தனார் அதே ஆலையில் இன்னும் தைக்கிறாள். வெட்டுக்கிளிக்கு ஸ்டுடியோ வேலை போனது போனதுதான். இப்போது அம்மா வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்கிறாள்.