வேண்டுமென்றே திக்கினேன்

ஹைதராபாத்தில் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்ததும் என்னோடு படித்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். நான் ஸ்பீச் தெரபி படிக்கப் போனேன். பேச வராதவர்களையும், பேச்சு தடைப்படுகிறவர்களையும், பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களையும் பேசவைக்கிற படிப்பு. சிறுவயதிலிருந்தே வாய் ஓயாமல் பேசுகிறவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இருந்ததாகத் தெரியவில்லை.

அப்பா அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினீயர். குஷாய்குடாவில் வீடு. அவருடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், "பொண்ணு கம்ப்யூட்டர்ல எந்த லாங்வேஜ்?" என்று கேட்பார்கள். "எல்லா லாங்வேஜும்தான்" என்பார் அப்பா. அம்மாவுக்குத்தான் கவலை. திருநெல்வேலியிலிருந்து சித்தி போன் செய்து, "அக்கா, அவ மேடைப் பேச்சுக்கா படிக்கா?" என்று கேட்டுவிட்டாளாம்.

இரண்டாம் வருடத்தில் திக்கிப் பேசுதல் பற்றிய பாடம் வந்தது. காரணங்கள், வகைகள், பயிற்சிகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒருநாள் எங்கள் மேடம் புத்தகத்தை மூடச் சொன்னார்.

"நாளைக்கு ஒருத்தரும் வகுப்புக்கு வரவேண்டாம். வெளியே போய், தெரியாத மனிதர்களிடம் வேண்டுமென்றே திக்கிப் பேசிவிட்டு வாருங்கள். நடுவில் சிரிக்கக்கூடாது. 'இது அசைன்மென்ட்' என்று சொல்லித் தப்பிக்கவும் கூடாது."

விளையாட்டாகத்தான் கிளம்பினேன். செகந்திராபாத்தில் பஸ் ஏறி நின்றுகொண்டேன். கண்டக்டர் அருகில் வந்து, "எக்கடிக்கம்மா?" என்று போகுமிடம் கேட்டார்.

"கு... கு... கு..."

அவர் காத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நடிப்புதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காது சூடானது. பின்னாலிருந்து ஒருவர் பொறுக்க மாட்டாமல், "குஷாய்குடா!" என்று எனக்காக முடித்து வைத்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஒரு பெண்ணை எழுப்பி விட்டார். எனக்குக் காதும் கேட்காது என்று முடிவு செய்துவிட்டார் போல. உரக்க, கையால் சைகை காட்டி, "கூர்ச்சோம்மா, கூர்ச்சோ" என்று என்னை அந்த இடத்தில் உட்கார வைத்தார்.

அதில் துளியும் கேலி இல்லை. முழுக்க முழுக்க இரக்கம். கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

உட்கார்ந்து பக்கத்தில் திரும்பினால், எங்கள் எதிர்வீட்டு ஆண்ட்டி. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருந்த தமிழ்க் குடும்பம் அவர்களுடையது; தமிழிலும் ஊர் உருது கலந்துதான் வரும். நான் பேசாமல் ஒரு புன்னகை செய்தேன். ஆண்ட்டி என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குஷாய்குடாவுக்கு முன்னாலேயே ஏ.எஸ்.ராவ் நகரில் இறங்கி ஒரு பேக்கரிக்குப் போனேன். உஸ்மானியா பிஸ்கட் கேட்கவேண்டும். "உ... உ..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றேன். இப்போது நடிக்கிறேனா, நிஜமாகவே வார்த்தை வரவில்லையா என்று எனக்கே குழப்பமாக இருந்தது. கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவசரப்படுத்தவில்லை, எனக்காக முடிக்கவும் இல்லை. ஒருவழியாகச் சொல்லி முடித்ததும், "சின்ன பாக்கெட்டா, பெரிசா?" என்று இந்தியில் கேட்டார். எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற அதே குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிஸ்கட்டோடு வீட்டுக்குள் நுழைந்தால், ஹாலில் ஆண்ட்டி உட்கார்ந்திருந்தார். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

"ஏட்டி, காலைல நல்லாத்தான பேசிட்டுப் போன? அந்தப் படிப்பு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன். இப்பம் பாரு, உனக்கும் ஒட்டிக்கிட்டு!"

"அம்மா, அதெல்லாம் ஒட்டாதும்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"ஹவ், இப்ப நல்லாப் பேசுதே!" என்றார் ஆண்ட்டி. "நான் கைக்கு, எதுக்குப் பொய் சொல்லப்போறேன்? என் கண்ணு முன்னாடிதான் கு-கு-ன்னு நின்னுச்சு. பாவம், கண்டக்டரே பயந்துட்டான்."

விஷயத்தை விளக்கினேன். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த அப்பா சிரித்த சிரிப்பில் அவர் குடித்துக்கொண்டிருந்த காபி சட்டையில் சிந்தியது. ஆண்ட்டி மட்டும் சமாதானமாகவில்லை. "வேணும்னே திக்கறதுக்கு ஒரு காலேஜா? நம்மளுக்கு நக்கோப்பா" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த பிஸ்கட்டில் இரண்டை எடுத்துக்கொண்டார்.

படிப்பு முடிந்ததும் மாதாப்பூரில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை கிடைத்தது. சுற்றிலும் சாஃப்ட்வேர் ஆபீஸ்கள். என் அறைக்கு அடுத்தது பல் டாக்டருடையது. அவர் மெஷினை ஓட்டும்போதெல்லாம் நானும் என்னிடம் வந்தவர்களும் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம்.

அங்கே எனக்கென்று முதலில் வந்தவர் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயர். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடச் சில வயது பெரியவர். தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். தான் வந்த காரணத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. அந்தத் தடங்கல்களை எல்லாம் நான் இங்கே எழுதிக் காட்டப்போவதில்லை.

அவருக்கு மிகவும் சிரமமான வார்த்தை அவருடைய சொந்தப் பெயர். வேலையில் சேர்ந்த அன்று மேனேஜர் பெயர் கேட்டிருக்கிறார். வரவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று வாயில் எளிதாக வந்த அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆபீஸ் முழுக்க அவரை அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டது.

"போன தீபாவளிக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்து ஆபீஸைக் காட்டினேனுங்க மேடம். கேன்டீன்ல யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் திரும்பினோம்."

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலைங்க. ஊருக்குப் போறவரைக்கும் ஒண்ணும் சொல்லலை."

வாராவாரம் அமெரிக்க வாடிக்கையாளருடன் போனில் மீட்டிங். அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். தன் முறை வரும் நேரத்தில் இவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

மூச்சை எப்படி விடுவது, முதல் ஒலியை எப்படி அழுத்தாமல் தொடங்குவது என்று சொல்லிக்கொடுத்தேன். அறைக்குள் நன்றாகவே பேசினார். வெளியே போனால் பழைய கதைதான். ஒருநாள், "வாங்க சார், கீழே போய் டீ குடிப்போம்" என்று அழைத்துப் போனேன். கடைக்காரரிடம் முதலில் நான் இந்தியில் கேட்டேன்.

"பை... பை... பையா, ரெ... ரெண்டு டீ."

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அடுத்து பிஸ்கட்டை அவர் கேட்டார், அதுவும் வேண்டுமென்றே திக்கி. கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கேட்டதைக் கொடுத்துவிட்டு, அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். வானம் இடிந்து விழவில்லை.

"இத்தனை நாள் அதை மறைக்கறதுலயே உசிர் போச்சுங்க மேடம்," என்றார் டீயை ஊதிக்கொண்டே. "நானா திக்கினா, எங்க நிறுத்தறதுங்கறதும் என் கையிலதான் இருக்குதுங்க."

அதற்குப் பிறகும் சில மாதங்கள் பிடித்தன. ஒரு வெள்ளிக்கிழமை, நேரம் குறிக்காமலேயே கிளினிக்குக்கு ஓடிவந்தார்.

"சொல்லிப்போட்டேனுங்க!"

மீட்டிங்கில் அவர் முறை வந்திருக்கிறது. இந்தத் தடவை எழுந்து போகவில்லை. "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முதலில் சொல்லியிருக்கிறார். பிறகு தன் சொந்தப் பெயர். முதல் எழுத்திலேயே நின்று, மறுபடி தொடங்கி, முழுதாகச் சொல்லி முடித்திருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் "வணக்கம்" சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்குப் போய்விட்டது. குழப்பம் எல்லாம் இந்தப் பக்கத்தில்தான். லேப்டாப்பில் மூழ்கியிருந்த மேனேஜர் தலைநிமிர்ந்து, போனை மியூட்டில் போட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாராம். "யாரது? நம்ம டீம்ல புதுசா யார் சேர்ந்தது?"

இரண்டு பேரும் சிரித்த சத்தத்தில் பல் டாக்டர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அந்த மேனேஜர் அடுத்த வாரமே என்னைத் தேடி வந்தார், தன் சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு. வீட்டில் அம்மாவுக்கு ஒரு மொழி, அப்பாவுக்கு ஒரு மொழி, பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு ஒரு மொழி. குழந்தை இன்னும் எதிலும் வாய் திறக்கவில்லை. மூன்று மொழியிலும் கெஞ்சிப் பார்த்துவிட்டோம், பலனில்லை என்றார். இறக்கி விட்டதும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேராக என் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு, வரமாட்டேன் என்று தலையாட்டினாள்.

நான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பொம்மைக் கூடையோடு மேஜைக்கடியில் நுழைந்தேன்.