மரங்கொத்தி பூஜ்யம்

எங்கள் வீடு செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பின்புறம் ஒரு கொய்யா, ஒரு முருங்கை, சுவரோரம் செம்பருத்திப் புதர். தோட்டம் அவ்வளவுதான். மாடியில் குடியிருக்கும் காலேஜ் டீச்சர் அதைக் காடு மாதிரி பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் மணி நேரம் உட்கார்ந்து, வந்த பறவைகளை எண்ணிப் போனில் ஏற்றுவார். ஊர் ஊராக இப்படி நிறையப் பேர் எண்ணி அனுப்புகிறார்களாம். சேர்த்துப் பார்த்தால் எந்தப் பறவை ஜாஸ்தி ஆகிறது, எது கம்மி ஆகிறது என்று தெரியுமாம்.

பொங்கலுக்குச் சொந்த ஊர் கிளம்பும்போது ஒரு நோட்டையும் பென்சிலையும் என்னிடம் கொடுத்து, நான்கு நாளும் என்னை எண்ணச் சொன்னார். நான் அஞ்சாவதோடு நின்றவள். யாராவது ஒன்றைக் கையில் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே சமயத்தில் கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும், போன மைனா திரும்பி வந்தால் சேர்க்கக் கூடாது என்று விளக்கினார். அதெல்லாம் புரிந்தது. எண்ணுவதுதான் எனக்குத் தொல்லை.

கீழ்பென்னாத்தூரில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் கோழி குஞ்சு பொரித்தது. பதினொன்று என்று தெருவுக்கே கேட்கும்படி எண்ணினேன். சாயங்காலத்துக்குள் பருந்து இரண்டைத் தூக்கிவிட்டது. அம்மா அடிக்கவில்லை. என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அதிலிருந்து உயிருள்ள எதையும் நான் எண்ணியதில்லை. பந்தியில் பிள்ளைகள் உட்கார்ந்தால்கூட இலையைத்தான் எண்ணுவேன்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பார்த்ததில் ஒன்றைக் குறைத்து எழுதினேன். கிளி ஐந்து வந்தால் நாலு. மைனா இரண்டு வந்தால் ஒன்று. கண்ணும் படாது, நோட்டும் நிறையும். என் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்து நின்று, எலெக்‌ஷன் பூத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறாயே, காக்கா எல்லாம் வரிசையில் வருகிறதா என்று கேட்டார்.

டீச்சர் திரும்பி வந்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். பிறகு ஓர் இடத்தில் விரல் நின்றது.

"என்னம்மா இது, மரங்கொத்தி பூஜ்யம்னு எழுதியிருக்கீங்க? வரலன்னா எழுதவே வேணாமே."

"வந்துச்சுங்க."

"எத்தனை?"

"ஒண்ணு."

அவர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். உள்ளே இருந்த என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சுட்டது. வேறு வழியில்லாமல் கோழிக்குஞ்சுக் கதையை முழுதும் சொன்னேன். டீச்சரிடம் அத்தனை நேரம் தொடர்ந்து பேசியது அன்றுதான். அவர் சிரிக்கவில்லை.

"எண்ண பயமா இருந்தா எண்ணாதீங்கம்மா. இருந்துச்சுனு ஒரு பெருக்கல் குறி போட்டா போதும், அதையும் ஒத்துக்குவாங்க. கம்மி பண்ணி மட்டும் எழுதாதீங்க. நிஜமாவே குறைஞ்சு போச்சுனு நாங்க நம்பிடுவோம்."

இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றிலும் ஒன்றைக் கூட்டினோம். தவிட்டுக்குருவிக்கு மட்டும் நான் பெருக்கல் குறி போட்டேன். ஏழு பேர் கொண்ட அந்தக் கும்பலில் வால் முளைக்காத குஞ்சு ஒன்று அந்த வாரம்தான் எட்டாவதாகச் சேர்ந்திருந்தது.

அடுத்த ஞாயிறு டீச்சரும் என்னோடு கீழே வந்து உட்கார்ந்தார். தவிட்டுக்குருவிகள் கொய்யாவடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தன. அவை வருவதற்கு முன்பே பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன். திடீரென்று எல்லாம் சேர்ந்து கத்தின. சுவரை ஒட்டித் தாழ்வாக ஒரு வல்லூறு பாய்ந்தது. தவிட்டுக்குருவிகள் செம்பருத்திக்குள் விழுந்தடித்து ஓடின. எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று கைதட்டிக் கத்தினேன். வல்லூறு முருங்கைக்கு மேலே ஏறிப் போய்விட்டது. அதன் காலில் ஏதாவது இருந்ததா என்று பார்க்கத் தவறிவிட்டேன்.

புதரில் சத்தமே இல்லை. இனி எண்ணாமல் இருக்க முடியாது. ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. டீச்சரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அடிக்கிளை ஒன்று ஆடியது. வாலில்லாத அந்தக் குஞ்சு குதித்தது என்பதைவிட உருண்டது என்றே சொல்ல வேண்டும். உருண்ட வேகத்தில் எழுந்து, பக்கத்தில் நின்ற குருவியிடம் வாயைத் திறந்து இரை கேட்டது.

"எட்டுங்க," என்றேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

பெருக்கல் குறியை அழித்துவிட்டு 8 என்று எழுதினேன். பிறகு மனசு கேட்காமல், அதன் பக்கத்தில் பென்சிலை அழுத்தித் தேய்த்து, குழந்தை கன்னத்தில் வைப்பதுபோலக் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தேன்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "இதையும் போன்ல ஏத்தணுமாம்மா?"

"வேணாங்க. அது நோட்டுலயே இருக்கட்டும்."