காலியாக விட்ட கட்டம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாதக் காலையில், ஆம்பூரிலிருந்து குடியாத்தம் போகும் வழியில் உள்ள ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது இது.

அப்போது ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா தோல் பதனிடும் இடத்தில் ஈரத்தோல் சுமந்தவர், இன்றைக்கும் கைநாட்டுதான். அதனால் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஆங்கிலப் படிவமுமாக கம்பெனி காரில் போய் இறங்கும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்போம், தைத்துத்தர வெளியே ஒரு சின்ன யூனிட்டைத் தேடிக்கொண்டிருந்தோம். கொட்டகையை நடத்திய பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பல வருடம் கம்பெனிகளில் தைத்துவிட்டு, ஆறு பழைய மெஷின்களை வாங்கிப்போட்டு, தன்னோடு தைத்த ஐந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தவர். சின்னச் சின்ன வேலைகளை வைத்து அதுவரை ஓட்டியிருக்கிறார். எங்கள் ஆர்டர் கிடைத்தால்தான் கொட்டகை நிற்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

தையலில் குறையே சொல்ல முடியவில்லை. படிவத்தில் ஒரு கேள்வி வந்தது: உடைந்த ஊசிக்குப் பதிவேடு உண்டா? தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். ஒரு முனை ஷூவுக்குள் தங்கினால் போடுகிறவர் காலில் குத்தும். அதனால் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, நாள், பெயர் எல்லாம் நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி.

"நமக்கு எழுத வராது மேடம்" என்று அவர் சுவரைக் காட்டினார். ஆணியில் ஒரு நீளமான தோல்துண்டு தொங்கியது. அதில் உடைந்த ஊசிகளைத் துண்டோடு துண்டு சேர்த்து, முழு ஊசியாக ஒட்டியிருந்தார். ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் ஒரு கலர் நூல். சிவப்பு என்றால் ஒரு பெண்ணின் மெஷின், பச்சை என்றால் இன்னொருத்தியுடையது. முனை கிடைக்காவிட்டால் அந்த அப்பரையே வெட்டிப் போட்டுவிடுவாராம். "ஒரு முனை கூட இங்கேர்ந்து வெளிய போனதில்ல மேடம்."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும், நோட்டு கட்டாயம் வேண்டும் என்றேன், கொஞ்சம் டீச்சர் மாதிரி. மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு பெண் அவரிடம் கேட்டாள்: "இன்னாக்கா, நோட்டு போட்டா ஊசி உடையாதாமா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதட்டினார். எனக்கு முகம் சுட்டது.

படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. அந்தத் தோல்துண்டைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தால் மேனேஜர் யோசித்திருப்பார். அந்தச் சிரிப்பு காதில் இருந்ததால் எழுதவில்லை.

ஆர்டர் வேறொரு பெரிய யூனிட்டுக்குப் போனது. அங்கே நோட்டு அச்சடித்த மாதிரி இருந்தது. மத்தியானம் பிரியாணியும் வரவழைத்தார்கள். முழு மதிப்பெண் போட்டது நான்தான்.

நான்காவது மாதம், எங்கள் பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. ஒரு ஷூவின் உள்துணிக்குள் ஊசி முனை. கட்டிய பெட்டி எல்லாவற்றையும் பிரித்தோம். அந்த யூனிட்டின் நோட்டைப் பார்த்துவர என்னையே அனுப்பினார்கள். இந்த முறை நிதானமாகப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. ஒட்டியிருந்த ஊசிகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. தைத்துத் தேய்ந்தவை அல்ல, புது ஊசியைக் குறட்டால் உடைத்து ஒட்டியவை.

திரும்பும் வழியில் காரைக் கொட்டகைக்கு விடச் சொன்னேன். உள்ளே யாரோ தண்ணீர் கேன்களை அடுக்கியிருந்தார்கள். மெஷின்களை விற்றாகிவிட்டது, பெண்கள் காலையில் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறார்கள் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார்.

கொட்டகை நடத்தியவரைப் பிறகு எங்கள் தையல் பிரிவிலேயே பார்த்தேன். மூன்றாவது வரிசை, ஓரத்து மெஷின். பக்கத்தில் போய், நான் எழுதியது தப்பு என்று மெதுவாகச் சொன்னேன். அவர் தைப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க எழுதினது தப்பில்ல மேடம். இல்லாததை இல்லன்னுதான் எழுதினீங்க. இருந்ததை எழுதலை, அவ்ளோதான்."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது அவர் மெஷினில் ஊசி உடைந்தால் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிளார்க் வந்து துண்டுகளை வாங்கி, நோட்டில் எழுதி, புது ஊசி கொடுக்கும்வரை காத்திருக்கிறார். வாரக் கடைசியில் அந்த நோட்டில் கையெழுத்துப் போடுவது நான். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் படிவத்திலும் குறிப்புக் கட்டத்தை நான் காலியாக விட்டதில்லை; ஆனால் ஆறு பேரின் பிழைப்பு இருந்த அந்த ஒரு படிவத்தில் அது காலியாகவேதான் இருக்கிறது.