கம்ப்யூட்டருக்குக் காவல் இருந்த நாற்காலி

உரக்கடை ரத்தினம் அண்ணன் நூலகத்தை விட்டு ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஓட்டமும் நடையுமாகத்தான் போனார், ஆனால் அந்த வயசுக்கு அது ஓட்டம்தான். வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளில் எது தன்னுடையது என்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு காலில் அவருடையது, மறு காலில் பேப்பர் படிக்க வந்த யாரோ ஒருவருடையது. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார். உள்ளே, இரண்டாவது கம்ப்யூட்டர் பக்கத்தில் கௌசல்யா என்ற பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், நான் தப்பா எதுவும் கேக்கலையே?" என்றாள்.

தப்பாகக் கேட்கவில்லை. விதிப்படிதான் கேட்டாள். அந்த விதி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆலங்குடி பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார்கள், அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், "இன்டர்நெட்ல இதைத் தடுங்க, அதைத் தடுங்கன்னு ஊர்ல சொன்னா என்ன மேடம் பண்றது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

1. எல்லாத்தையும் அடைச்சிரு

ரத்தினம் அண்ணன் எங்கள் வாசகர் வட்டத் தலைவர். சும்மா பேருக்குத் தலைவர் இல்லை. ஒழுகிய கூரைக்கு ஆள் கூட்டிவந்து வேலை பார்த்தவர். கடைகடையாக ஏறி இறங்கி வசூல் பண்ணி, இரண்டு கம்ப்யூட்டரும் நெட் கனெக்‌ஷனும் வாங்கிக் கொடுத்தவர். அந்த மனுஷன் இல்லாவிட்டால் எங்கள் நூலகத்தில் ஃபேன்கூட சுற்றியிருக்காது.

ஒருநாள் சாயங்காலம் பிளஸ் டூ பையன்கள் நாலு பேர் அந்தக் கம்ப்யூட்டரில் பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு தகப்பனார் அதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், மறுநாள் கடைத்தெரு முழுக்க இதே பேச்சு. உடனே கமிட்டி கூடியது. ரத்தினம் அண்ணன், ரிட்டயர்டு வி.ஏ.ஓ. பழனியப்பன் ஐயா, வளைகுடாவில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்து பாத்திரக்கடை போட்ட ஹனிபா பாய், இவர்கள் மூன்று பேர். நான் தீர்மானம் எழுத. ஹனிபா பாயின் மருமகன் செல்போன் கடை வைத்திருந்தார், ஃபில்டர் சாஃப்ட்வேர் போட அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

மருமகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "மாமா, எந்தெந்த வார்த்தை வந்தா பிளாக் ஆகணும்? சொல்லுங்க, டைப் பண்ணிடுறேன்" என்றார்.

வி.ஏ.ஓ. ஐயா விட்டத்தைப் பார்த்தார். ரத்தினம் அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க கொஞ்சம் டீ சொல்லிட்டு வாரீங்களா?"

"டீ வந்து ஆறிக்கிட்டு இருக்குண்ணே."

"அப்ப... வடை?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு போனேன். வடையோடு திரும்பி வந்து பார்த்தால் ஸ்கிரீனில் 'ஆபாசம்' என்ற ஒரே ஒரு வார்த்தை கிடக்கிறது. "வெளிநாடெல்லாம் பாத்தவரு நீங்க, நீங்க சொல்லுங்க பாய்" என்கிறார் இவர். "தலைவரு நீங்கதானேப்பா, நீங்க ஆரம்பிங்க" என்கிறார் அவர். வடை தீரும்வரை இதே கூத்து. கடைசியில் ரத்தினம் அண்ணன் எழுந்து நின்று, "தம்பி, ரோதனையே வேண்டாம். எல்லாத்தையும் அடைச்சிரு" என்றார். மருமகனும் சாஃப்ட்வேரில் இருந்த அத்தனை கட்டத்திலும் டிக் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்தவருக்கே பக்கம் திறக்கவில்லை. வீடியோ எதுவும் ஓடவில்லை. உடம்பு, வைத்தியம், செய்தி, எல்லாம் சிவப்புக் கோடுதான். ஆகவே இன்னொரு விதி போட்டார்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி. கமிட்டி ஆள் ஒருவர் முறைவைத்து அதில் உட்காருவார். தடுக்கப்பட்ட பக்கம் வேண்டும் என்றால் என்ன, எதற்கு என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால் நான் பாஸ்வேர்ட் போடுவேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது வி.ஏ.ஓ. ஐயா சேர்த்தது.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "அண்ணே, புத்தகம் எடுக்க வாரவுகள எதுக்குன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. இதுக்கு மட்டும் ஏன் கேக்கணும்? பேசுறதுக்கு ஒருத்தருக்கு உரிமை இருக்குன்னா, அதைப் படிக்கவும் கேக்கவும் அடுத்தவுகளுக்கு உரிமை இருக்குல்ல?"

"உரிமையெல்லாம் சரி மேடம். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா கெட்ட பேரு ஒங்களுக்குத்தான் வரும். அதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது நல்லெண்ணத்தில்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மேலிடத்தில் கேட்டேன். உள்ளூரிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

2. மஞ்சப்பை

நாற்காலி வந்த அந்த வாரமே ஒரு பெண் வந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும், கையில் மஞ்சப்பை. நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய் உட்கார்ந்தார். வி.ஏ.ஓ. ஐயா கனிவாகத்தான் கேட்டார், "என்னம்மா பாக்கணும்?" என்று. அந்தப் பெண் அவரைப் பார்த்தார், பேப்பர் மேஜையில் இருந்த ஆம்பளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்கய்யா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே போனேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

3. விதிப்படி கேட்டவள்

கௌசல்யா விலங்கியல் படித்த பெண். கந்தர்வக்கோட்டை போகிற வழியில், முந்திரிக் காட்டுக்கு நடுவே அவள் ஊர். அங்கே போனில் நெட் எடுக்காது. வீட்டில் இருந்த ஒரே டச் போனும் திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனிடம். மாட்டுக்குச் சினை ஊசி போடும் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள், அதற்கு ஒரு தேர்வு. அதற்குத்தான் எங்கள் நூலகத்துக்குப் பஸ் ஏறி வந்தாள்.

வந்தவள் நாற்காலியைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. ஒரு பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் பக்கத்தில் போனேன்.

"ஏம்மா, கேட்டா குடுப்பாகல்ல?"

"எப்படி மேடம் கேக்குறது? பாடமே அதானே." கண் கலங்கிவிட்டது. "இந்தத் தடவ விட்டா அம்புட்டுத்தான். தை பொறந்ததும் மாப்பிள்ளை பாக்குறதா வீட்டுல பேச்சு ஓடுது. அப்புறம் எங்கிட்டுப் படிக்கிறது?"

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"மேடம், சொல்லிக் கேக்கணுங்கிறதுதானே விதி? பாக்கவே கூடாதுன்னு இல்லையே?"

"இல்ல."

"அப்ப கேக்குறேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், நாற்காலி முன்னால் கைகட்டி நின்றாள். அன்றைக்கு வி.ஏ.ஓ. ஐயா முறை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது மாதிரி, எழுத்துச் சுத்தமாகச் சொன்னாள்.

"ஐயா, பசுமாடு பருவத்துக்கு வந்தா பின்னாடி வழும்பு எப்படி ஒழுகும்னு ஒரு வீடியோ பாக்கணுங்க. தேர்வுக்கு."

பேப்பர் மேஜையில் பக்கம் புரட்டுகிற சத்தம் நின்றுபோனது. வி.ஏ.ஓ. ஐயாவுக்கு இருமல் வந்துவிட்டது. "பாரும்மா, பாரு, பாரு" என்றார். பாஸ்வேர்ட் போட்டேன். அது முடிந்ததும் மறுபடி வந்து நின்றாள். "ஐயா, உறைவிந்துக் குச்சியை வெதுவெதுப்பான தண்ணியில எப்படி உருக்குறதுன்னு அடுத்த பக்கம்." அதற்கப்புறம் இன்னொன்று. அவர் எழுதிய விதிதானே, பக்கத்துக்குப் பக்கம் கேட்க வேண்டும்! அரை மணி நேரத்தில் தலைவலி என்று கிளம்பிவிட்டார் மனுஷன்.

அடுத்த முறை ஹனிபா பாய். அவர் முதல் கேள்விக்கே கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, ஈயமும் பித்தளையும் விக்கிறவன் நான். எங்கிட்ட வந்து இதைக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நீ பாட்டுக்குப் பாரும்மா."

"கேக்கணும்னு விதி இருக்குங்க பாய்."

"விதியா? அன்னைக்கு வடையைத் தின்னுட்டு நாங்க பண்ணுன கூத்து அது!"

மூன்றாவது ரத்தினம் அண்ணன் முறை. அன்று காலையில் கௌசல்யா நேராக என்னிடம்தான் வந்தாள். அவளுக்கு அவர் பெரியப்பா முறை. அவள் காது குத்துக்குக்கூட வந்தவராம். "மத்தவுகளக் கேட்டுட்டேன் மேடம். பெரியப்பாகிட்ட எப்படி..." என்று என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு விட்டுவிடேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் போய்விட்டாள்.

"பெரியப்பா, பொலிகாளைகிட்டேருந்து விந்து எப்படி எடுக்குறாகன்னு ஒரு வீடியோ பாக்கணும். தேர்வுல கட்டாயம் கேப்பாக."

அப்போதுதான் அவர் ஓடினார்.

4. மறுநாள் காலை

வண்டி போன திசை அவள் ஊர்த் திசை. போச்சுடா என்று இருந்தது எனக்கு. அவள் அப்பாவிடம் போய் ஏதாவது சொல்லி, வீட்டில் அவளை நிறுத்திவிட்டால்? ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

காலையில் நூலகம் திறக்கப் போனால் படிக்கட்டில் ரத்தினம் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அந்த மாறிப்போன செருப்பு.

"நேத்து அங்கன இங்கன சுத்திட்டு, சாயங்காலமா அந்தப் புள்ள வீட்டுக்குப் போனேன் மேடம். அவ அப்பன்கிட்ட சொல்லி வைக்கணும்னுதான் போனேன். போனா, பசுவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். மாடு கத்துது. 'காலையிலேருந்து ஊசிக்காரருக்குப் போன் போடுறேண்ணே, வரவே இல்ல. இப்பத் தவறுனா இன்னும் மூணு வாரம் ஆகும் பருவத்துக்கு வர, வழும்பு இப்படி ஒழுகுது பாருங்க'ன்னு அவன் பாட்டுக்கு எல்லாத்தையும் சொல்றான். அந்தப் புள்ளயும் நிக்கிது, அது ஆத்தாளும் நிக்கிது. ஒருத்தருக்கும் கூச்சமில்ல. நானும் 'ஆமாப்பா, ஆமாப்பா'ன்னு நிக்கிறேன். அந்தப் புள்ள பயந்துக்கிட்டே காப்பி கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சுட்டு வந்துட்டேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல? கொட்டாயில அப்பன் எங்கிட்ட பேசுறதைத்தானே இங்க மக கேட்டுச்சு. புள்ள மேல தப்பில்ல மேடம். எங்காதுதான் கூசிக்கிச்சு."

எனக்கு அந்த மனுஷனைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ஊரில் பெரிய மனுஷன் என்று பேர் எடுத்தபிறகு இப்படிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

அன்று மதியமே கமிட்டியைக் கூட்டினார். கௌசல்யாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "கௌசல்யாவுக்கு மட்டும் எதுவும் கேக்காம குடுத்துரலாம். புள்ள படிக்கட்டும்" என்றார். மற்ற இருவரும் சட்டென்று தலையாட்டினார்கள். நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தேர்வுக்கு அதிக நாள் இல்லை. அவள் "சரி பெரியப்பா" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம்.

அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கு மட்டும் வேண்டாம் பெரியப்பா. நானாச்சும் வாயைத் தொறந்து கேட்டுட்டேன். கேக்க முடியாமத் திரும்பிப் போனவுக எத்தன பேருன்னு நமக்குத் தெரியுமா? அவுகளுக்கும் ஏதாச்சும் ஒரு பரிச்ச இருந்திருக்கும்ல?"

எனக்கு அந்த மஞ்சப்பைதான் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்தப் பெண் வந்ததையும் போனதையும் சொன்னேன். வி.ஏ.ஓ. ஐயா, "நான் ஒண்ணும் கடிஞ்சு கேக்கலையேம்மா" என்றார் மெதுவாக. "இல்லீங்கய்யா, நல்லாத்தான் கேட்டீங்க" என்றேன்.

ரத்தினம் அண்ணன்தான் எழுந்துபோய் நாற்காலியைத் தூக்கினார். பேப்பர் மேஜைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். ஃபில்டர், பிள்ளைகள் உட்காரும் முதல் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கட்டும், அது என் மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது. பெரியவர்களுக்கான இரண்டாவதில் ஒரு தடுப்பும் கிடையாது. அதன் ஸ்கிரீன் அடுத்தவர் கண்ணில் படாதபடி மேஜையைத் திருப்பிப் போட்டோம், மேஜையின் ஒரு முனையைப் பிடித்தது ஹனிபா பாய்.

5. ஒரு போன்

கௌசல்யா தேர்வானாள். பயிற்சி முடித்து, இப்போது சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ஸ்கூட்டியில் உறைவிந்துக் கேனைக் கட்டிக்கொண்டு போகிறாள். தையும் வந்தது, அதற்கடுத்த தையும் வந்தது, மாப்பிள்ளை பேச்சை அவள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மஞ்சப்பைக்காரர் அதன்பிறகு வரவே இல்லை. எதைப் பார்க்க வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புது நூலகர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: பார்க்கக் கூடாததைப் பார்த்தவன் நாலு பேர் கண்ணில் படுவான், ஊரே பேசும். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் திரும்பிப் போனவரை யாரும் பேச மாட்டார்கள். நாமாவது அவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ரத்தினம் அண்ணனிடமிருந்து போன். கடையில் ஆள் இருக்கிறார்கள்போல, பின்னால் ஒரே பேச்சுச் சத்தம்.

"மேடம், நம்ம கௌசல்யா புது நம்பரு இருந்தா குடுங்களேன். அவசரம்."

பின்னால் மாடு கத்துவதும் கேட்டது. கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு, கொட்டகை எல்லாம். விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா?

"எதுக்குண்ணே? என்ன விஷயமா? கடையில இருக்குறவுகளுக்கும் கேக்குற மாதிரி நல்லாச் சத்தமாச் சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எதுக்குன்னு கேக்கக் கூடாதுன்னு சண்டை புடிச்சவுக நீங்க. இப்ப நீங்களே கேக்குறீங்களே மேடம்?"

நம்பரைச் சொன்னேன்.