தலையில்லாத பேஸ் கிட்டாரும் ஜெசிந்தா போட்ட சத்தமும்

புது பேஸ் கிட்டார் ஸ்ட்ரிங் பாக்கெட்டைப் பிரித்தால் ஒரு மணம் வரும்... இரும்பும் எண்ணெயும் கலந்த மணம். பெரிய வாசனை ஒன்றும் இல்லை. ஆனால் அது வந்தால் எனக்கு ஜெசிந்தாவும் வந்துவிடுவாள்.

சண்டைக் காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு ஒரு சின்ன மியூசிக் குரூப் இருந்தது. கல்யாண ரிசெப்ஷன், பேர்த்டே பார்ட்டி என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவோம். நான் பாட்டு, ஜெசிந்தா பேஸ். பகலில் அவள் புதுக்கடையில் ஒரு லோயரிடம் டைப்பிஸ்ட். பின்னேரமானால் தோளில் கிட்டார் ஏறிவிடும்.

அந்தக் கிட்டாருக்குத் தலை கிடையாது. அவளுடைய லண்டன் மாமா அனுப்பியது. மற்றக் கிட்டார்களில் கழுத்துக்கு மேல் ஒரு தலையும் அதில் முறுக்காணிகளும் இருக்கும் அல்லவா... இது கழுத்தோடு சரி. சுருதி கூட்டும் திருகுகள் எல்லாம் அடியில், வயிற்றுப் பக்கம். நாங்கள் வைத்த பேர் 'முண்டம்'.

"ஒழுங்கான ஒண்டை அனுப்ப அவனுக்கு மனசு வரல்ல" என்று அவளுடைய அம்மா கடைசிவரை மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

முண்டத்துக்கு ஸ்ட்ரிங் போடுவது பெரும்பாடு. இரண்டு முனையிலும் குண்டு வைத்த ஸ்ட்ரிங் அதற்கென்றே இருக்கிறதாம். கொழும்பில் அதைக் கண்ணால் கண்டவர் இல்லை. கிடைப்பது ஒரு முனையில் மட்டும் குண்டு உள்ளது. குண்டை அடியில் மாட்டி, மறுமுனையைக் கழுத்து நுனியில் சின்ன ஸ்க்ரூவால் இறுக்கி, மிஞ்சியதை வெட்ட வேண்டும். அதிலும் கம்பியை முதலில் மடக்கிவிட்டுத்தான் வெட்டலாம். பேஸ் ஸ்ட்ரிங் என்பது கம்பிக்கு மேல் கம்பி சுற்றியது. மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று கழன்று ஸ்ட்ரிங் செத்துவிடும். பிறகு தட்டினால் ஈரத் துணியைத் தட்டிய மாதிரித்தான்.

ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தையில் ரிசெப்ஷன். காலையில் ப்ராக்டிஸ் செய்யும்போது தடித்த ஸ்ட்ரிங் அறுந்துவிட்டது. மிச்சப் பழசையும் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பேரும் கோட்டையில் ஒரு கடைக்கு ஓடினோம்.

கடைக்காரர் மூன்று பாக்கெட் எடுத்துப் போட்டார். நானாக இருந்தால் கைக்கு எட்டியதை எடுத்திருப்பேன். அவள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நகத்தால் சுரண்டினாள், காதில் வைத்துக் கேட்டாள். மெல்லியது விரலுக்குச் சுகம், ஆனால் கல்யாண ஹோலில் நெஞ்சில் வந்து இடிக்காதாம். தடித்தது முண்டத்தின் கழுத்தை வளைத்துவிடுமாம். நடுத்தரத்தில் அங்கே இருந்தது ஒரே ஒரு செட். அதை வாங்கிக்கொண்டு த்ரீவீலில் ஏறினோம். ஹோலுக்குப் போய்ப் பூட்டுவதாகத் திட்டம்.

பம்பலப்பிட்டி தாண்டவில்லை... செக்பொயின்ட்.

பையில் தலையில்லாத ஒரு கறுப்புச் சாமான். சுருள் சுருளாகக் கம்பி. குறடு. கிட்டாருக்குள் போடுகிற சதுரப் பற்றரி. இரண்டு ஐடென்டிட்டி கார்டிலும் தமிழ்ப் பேர். இதற்கு மேல் என்ன வேண்டும்? என் பெரியப்பா மகன் இதைவிடக் குறைந்த காரணத்துக்கு உள்ளே போனவன்.

"மே மொனவாத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான் ஆமிக்காரன்.

"கிட்டார் எக்கக், சேர்" என்றாள் ஜெசிந்தா.

அவன் முண்டத்தை மேலும் கீழும் பார்த்தான். "ஒளுவ கோ?"

தலை எங்கேயாம். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

அவன் பாக்கெட்டைப் பிரித்துத் தடித்த ஸ்ட்ரிங்கை உருவினான். கம்பிக்குள் கம்பி இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே என்ன என்று பார்க்க, எங்கள் குறட்டையே எடுத்து நடுவில் வைத்தான்.

"கபன்ன எப்பா!"

வெட்டாதே என்று போட்டாள் ஒரு சத்தம்! ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். பக்கத்தில் நின்றவன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். த்ரீவீல்காரர் எங்களைத் தெரியாதவர்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அவளோ துப்பாக்கியைப் பார்க்கவேயில்லை. கண் முழுக்க அந்தக் குறட்டு வாயில்தான்.

சத்தம் கேட்டுப் பெரியவர் ஒருவர், ஒஃபிசர், உள்ளேயிருந்து வந்தார். பூட்டிக் காட்டுகிறேன் என்றாள் அவள். அவர் தலையாட்டினார். மண்மூட்டையில் உட்கார்ந்து குண்டை அடியில் மாட்டினாள், நுனியை இறுக்கினாள், கம்பியை மடக்கினாள். பிறகு அதே ஆமிக்காரனிடம் நீட்டி, "தென் கபன்ன" என்றாள். இப்போது வெட்டு. அவனும் நல்ல பிள்ளையாக வெட்டினான்.

அடியில் உள்ள திருகைத் திருப்பத் திருப்ப ஸ்ட்ரிங் முறுகி ஏறியது. ஆனால் ஆம்ப்ளிஃபயர் இல்லாத பேஸ் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, முண்டத்தின் அடியை அங்கே நின்ற வெறும் தார் பீப்பாயில் அழுத்தி வைத்துத் தட்டினாள்.

பீப்பாய் 'டும்' என்று பேசியது! ஒரே ஒரு ஸ்ட்ரிங்கில், யாரையும் ஆட வைக்கும் பைலா தாளம். குறடு பிடித்தவனின் சப்பாத்து தானாக ஆடத் தொடங்கியது. ஒஃபிசர் சிரிக்கவில்லை. கார்டுகளைத் திருப்பித் தந்து, "யன்ன" என்றார். போகச் சொல்லிவிட்டார்.

அன்று ரிசெப்ஷனில் அவள் வாசித்த வாசிப்பு... மாப்பிள்ளையின் தாத்தா கூட எழும்பி ஆடினார். எல்லாம் முடிந்து பெட்டிஸ் சாப்பிடும்போதுதான் அவளிடம் கேட்டேன்.

"பயப்பிடல்லையாடி நீ?"

"பயந்தனான்தான். ஆனா அவன் வெட்டியிருந்தா பின்னேரம் என்னத்தடி வாசிக்கிறது?"

இப்போது போனில் தட்டினால் எந்த ஸ்ட்ரிங்கும் வீட்டுக்கே வருகிறது. அன்று செக்பொயின்ட் இருந்த காலி வீதியில் யாரும் மறிப்பதில்லை. நானும் பேங்கில், பஸ்ஸில், ஃபிளாட் மீட்டிங்கில் எல்லாம் நன்றாகச் சத்தம் போடுகிறேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை.

ஆனால் அவள் அன்று போட்ட மாதிரி ஒரு சத்தம் எனக்கு இன்றுவரை வரவில்லை. துப்பாக்கியே கண்ணில் படாத அளவுக்கு எதன் மேலும் எனக்கு ஆசை வந்ததில்லை... அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.