துவக்கின் வாய்க்குள் போகாத குண்டுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் லண்டனில் சட்டன் என்ற ஊர்ச் சந்தையில் ஒரு தேன்மெழுகுதிரி வாங்கிவந்து மேசையில் கொளுத்திவைத்தாள். அடுப்பில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. உருகும் மெழுகின் வாசமும் ஆட்டுக்கொழுப்பின் வாசமும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறின. நான் அகப்பையும் கையுமாக நின்று, "துவக்குக் குண்டு!" என்று சொல்லிவிட்டேன்.

"அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள் மகள்.

அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

தோர்ண்டன் ஹீத்தில் ஓர் அறையில் இருந்துகொண்டு, சட்டனில் ராசன் அண்ணையின் பட்டறைக்கு பஸ் ஏறிப் போய்வந்த காலம். அண்ணை ஜெர்மனியில் நெடுங்காலம் இரும்பு வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். எதைச் செய்தாலும், "ஜெர்மன்காரன் இப்பிடிச் செய்யமாட்டான்" என்பார். நான் அவருடைய லேத் மெஷினில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் அந்தத் தொழில் படித்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். இந்தப் பெருமையை எவரைக் கண்டாலும் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவேன். பாருங்கள், சொல்லிவிட்டேன்.

ஒருநாள் ஜோன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பட்டறைக்குள் வந்தார். எழுபதைத் தாண்டியவர். கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. பிஸ்கட் என்றுதான் நாங்களும் நினைத்தோம். திறந்தால் உள்ளே ஈயக் குண்டுகள்.

மருந்தைக் குழாயின் வாய் வழியாகக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, நீளக் கோலால் இடித்து இறக்கிச் சுடுகிற பழையகாலத் துவக்கு ஒன்று ஜோனிடம் இருந்தது. குண்டுகளை வார்த்தவர் அவருடைய கணவர். தன்னுடைய வேட்டைத் துவக்குக்கென்று வார்த்துவைத்துவிட்டு இறந்துபோனார். அந்தத் துவக்கும் கைமாறிப் போய்விட்டது. ஜோனின் துவக்கோ கொஞ்சம் ஒடுங்கிய குழாய். குண்டுகள் ஒரு தலைமயிர் அளவு பருமன் கூடியவை, வாயிலேயே நின்றுவிடும்.

"உருக்கித் திரும்ப வார்க்கலாம் என்கிறார்கள்," என்றார் ஜோன். "உருக்கினால் அது வெறும் ஈயம். இது அவர் வார்த்தது."

ராசன் அண்ணை என்னை ஒரு பக்கம் இழுத்தார். "தமிழன்ர பட்டறையில துவக்குக் குண்டோ? பொலிஸ் வந்தா ஆர் பதில் சொல்லுறது? ஏலாது எண்டு சொல்லு பிள்ளை."

ஜோன் லைசென்ஸை எடுத்து நீட்டினார். அண்ணை அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எனக்கோ அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க முடியவில்லை.

"நான் செய்யிறன் அண்ணை. பிழைச்சா என்ர தலையில போடுங்கோ."

"பிழைச்சா உன்ர தலையிலதான்," என்றார் அவர்.

எஃகுக் கட்டை ஒன்றில் ஜோனின் குழாய்க்கு ஏற்ற அளவில் துளை போட்டேன். குண்டை அதற்குள் வைத்து அழுத்தினால் மறுபக்கம் சரியான பருமனில் வந்து விழவேண்டும். விழுந்தது, ஆனால் கரட் சீவியதுபோல் ஒரு பக்கம் முழுக்கத் தோல் உரிந்திருந்தது. துளையின் விளிம்பு கத்தியாய் வெட்டியிருக்கிறது. அண்ணை ஜெர்மன்காரனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைக் கண்டு மூடிக்கொண்டார்.

துளையின் வாயைப் புனல்போல் சரித்து, உட்புறத்தைக் கண்ணாடியாய் மினுக்கினேன். ஜோன் தேன்மெழுகைக் கொண்டுவந்தார். நான் தோர்ண்டன் ஹீத் இறைச்சிக் கடையில் ஆட்டுக்கொழுப்பு வாங்கிவந்தேன். இரண்டையும் சேர்த்து உருக்கி, குண்டைச் சுற்றியிருந்த வரிப்பள்ளங்களில் பூசி அழுத்தினோம். இந்தமுறை வெண்ணெய்க்குள் விரல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் மினுங்கிக்கொண்டு விழுந்தது. ஜோன் அதை உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சர்ரே பக்கத்தில் அவருடைய குறிசுடும் கிளப்பில் சோடிப் போட்டி ஒன்று வந்தது. தண்டவாளத்தில் ஓடும் மரத்தாலான மானைக் குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை பலமுறை ஒருவர் சுட வேண்டும், மற்றவர் குண்டு இடித்துக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஜோன் சுட, கணவர் இடித்தாராம்.

"நீ வருவாயா?" என்று கேட்டார்.

ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடியவள் நான். லண்டனில் பட்டாசு வெடித்தாலே மேசைக்கடியில் பாதி உடம்பு போய்விடும். வாய் மட்டும் எப்படியோ "வாறன்" என்றது. தமிழில் சொன்னேன், அவருக்கு விளங்கியது.

போட்டியன்று அண்ணையும் "சும்மா பார்ப்பம்" என்று மட்டன் ரோல் பையோடு வந்துவிட்டார். முதல் வெடிக்குக் கோலைக் கீழே போட்டுவிட்டேன். ஜோன் திரும்பாமலே, "அடுத்தது, கண்ணே," என்றார். கோலை எடுத்தேன். குண்டு மருந்தில் போய் அமர்ந்தால் கோலில் கீறிய அடையாளம் குழாய் வாயோடு வந்து நிற்கும். நின்றது. இரண்டாம் வெடி, மூன்றாம் வெடி. சுடச்சுடப் புகைக்கரி படிந்து குழாய் இறுகும். பக்கத்துச் சோடிகள் கோலைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குண்டுகள் மட்டும் கொழுப்பில் வழுக்கிக்கொண்டு இறங்கின. ஒரு கட்டத்தில் வெடிச்சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அடுத்த குண்டு எங்கே என்பது மட்டும்தான் மனதில்.

விசில் ஊதியபோது மரமானின் நெஞ்சில் சல்லடைபோலத் துளைகள். வேறெவருடைய மானும் அப்படி இல்லை. நடுவர் எங்கள் பெயர்களை வாசித்ததும், அந்த அடக்கமான ஆங்கிலக் கூட்டத்தின் நடுவில் அண்ணை ரோல் பையைத் தலைக்குமேல் தூக்கி, "அடிச்சிட்டமடா!" என்று கத்தினார். ஜோன் கரிபிடித்த கைகளால் என் கன்னங்களைப் பிடித்தார். "அவர்கூட இவ்வளவு வேகமாக இடித்ததில்லை," என்றார். அந்தக் கரியோடேயே பஸ்ஸில் வீடு வந்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டும் கழுவ மனம் வரவில்லை.

கிளப் சுவரில் வென்றவர்களின் பலகை ஒன்று இருந்தது. பொன்னெழுத்தில் பெயர் எழுத வந்தவர் என் பெயரை எழுத்தெழுத்தாய்க் கேட்டு எழுதினார். பலகையின் விளிம்புவரை போய் முட்டிக்கொண்டு நின்றது.

பட்டறை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி. ஜோன் காலமாகிச் சில வருடங்களாகிவிட்டன. அண்மையில் சர்ரே பக்கம் காரில் போனோம். கிளப்பும் இல்லை, புது வீடுகள். மரமான் ஓடிய இடத்தில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். அங்கே ஒரு கிளப் இருந்ததே அவருக்குத் தெரியாது. பலகை எந்தக் குப்பை வண்டியில் போனதோ. போகட்டும். அதை ஏற்றியவன் என் பெயரை வாசிக்க நாக்குச் சுளுக்கியிருப்பான்.